வெள்ளைக் காட்டு ரோஜா

சிவப்பு ரோஜாவென்று விலை கொடுத்து வாங்கி நட்ட செடியில், மூன்றாம் ஆண்டிலோ நான்காம் ஆண்டிலோ வெள்ளைப் பூ மலரக் கண்டு திகைத்தவர்கள் நம் அங்கத்தினர்களுள் சிலரேனும் இருப்பர். ஐந்தே இதழ்கள், ஓர் அங்குல அகலம், நடுவே மஞ்சள் மகரந்தம், கொத்துக் கொத்தாகப் பூத்துச் சில நாட்களில் உதிர்ந்துவிடும் பூ. இதற்கு ஊரில் மூன்று காரணங்கள் கூறப்படுகின்றன. மண் பூவை மாற்றிவிட்டது என்பர் சிலர். செடி கெட்டுக் காட்டுச் செடியாகிவிட்டது என்பர் வேறு சிலர். நாற்றுப்பண்ணைக்காரர் ஏமாற்றிவிட்டார் என்பது மூன்றாவது. இம் மூன்றும் பிழையென்பதை நான் கற்ற விதம் எனக்குப் பெருமை தருவதன்று. எனினும் மற்றவர்க்குப் பயன்படுமென்று கருதி இங்கே எழுதுகிறேன்.

நான் முன்னர் கோத்தகிரிப் பகுதியில் ஆய்வாளனாகப் பணியாற்றியபோது, காரமடைப் பக்கத்திலிருந்து மேலே சென்று நிலம் குத்தகைக்கு எடுத்திருந்த ஓர் அங்கத்தினர், சங்கத்தில் கடன் பெற்று 300 ஒட்டு ரோஜாச் செடிகளை நட்டிருந்தார். முதல் இரண்டு ஆண்டுகள் தவணை தவறாது செலுத்தி வந்தார். மூன்றாம் ஆண்டுப் பேரவைக் கூட்டத்தில் எழுந்து நின்று, "ஏனுங்க சார், வாங்குனது செவப்புங்க, பூக்கிறது வெள்ளைங்க. செடி வித்தவங்க பணத்தைத் திருப்பிக் கொடுக்கட்டும், நானும் சங்கத்துக்குக் கட்டிப்போடறேனுங்க" என்றார். கூட்டத்தினர் அவர் பக்கமே நின்றனர். கல்லூரியில் மூன்றாண்டு தாவரவியல் படித்துப் பட்டம் பெற்ற நானும் அவர் பக்கமே நின்றேன். அன்று மாலையே நாற்றுப்பண்ணைக்குக் கடுமையான கடிதமொன்று எழுதினேன்.

பத்து நாளில் மறுமொழி வந்தது. "செடியின் அடியைத் தோண்டிப் பார்க்கவும்" என்ற ஒரே வரிதான் அதில் இருந்தது. எனக்கு ஏற்பட்ட சினத்தை இங்கே விவரிக்கத் தேவையில்லை. ஆயினும், மலைத் தோட்டங்களில் நாற்பது ஆண்டுகள் மொட்டுக் கட்டும் வேலை செய்து ஓய்ந்திருந்த ஒரு பெரியவரை அழைத்துக்கொண்டு தோட்டத்திற்குச் சென்றேன். அவர் களைக்கொத்தால் ஒரு செடியின் அடி மண்ணை விலக்கினார். தண்டில் முழங்கை மடிந்தாற்போன்ற ஒரு புடைப்பு தெரிந்தது. அப்புடைப்புக்கு மேலே, பட்டுப்போகும் நிலையில் ஒரு சிறு கிளை. அதுவே சிவப்பு ரோஜா. புடைப்புக்குக் கீழே, வேரையொட்டிக் கிளம்பி ஆளுயரம் வளர்ந்து வளைந்து நின்றவை ஐந்து கிளைகள். வெள்ளைப் பூக்கள் யாவும் அவற்றிலேயே இருந்தன. "செடி மாறலைங்க சாமி. இது ரெண்டு செடி. கீழே இருந்தது மேலே இருந்ததைத் தின்னுபோட்டுது" என்றார் பெரியவர்.

விஷயம் இவ்வளவே. எனினும் இதைச் சற்று விரித்துரைப்பது நலம்.

கடைத்தெருவில் தொட்டியிலோ பையிலோ விற்கப்படும் உயர்ந்த ரோஜாக்களிற் பெரும்பாலானவை தம் சொந்த வேரில் நிற்பவையல்ல. கண்ணைக் கவரும் பெரிய பூவைத் தருபவை பலவற்றுக்கு வேர் வலிமை போதாது. ஆகவே, வலிய வேருடைய காட்டு ரோஜா ஒன்றைக் குச்சி மூலம் வளர்த்து, அது பென்சில் பருமன் அடைந்ததும், அதன் பட்டையில் 'டி' எழுத்தின் வடிவாகக் கீறி, வேண்டிய ரோஜாவின் ஒரே ஒரு மொட்டினை உட்செலுத்திக் கட்டிவிடுகிறார்கள். மொட்டு ஒட்டிக்கொண்டபின் மேற்பகுதியை வெட்டி நீக்கினால், காட்டு வேரும் நாட்டுப் பூவும் கொண்ட செடி உருவாகிறது. கீழிருப்பதை வேர்ச்செடி என்றும், மேலிருப்பதை ஒட்டு என்றும் வழங்குவர்.

இவ்விரண்டும் இணைந்து வாழ்கின்றனவேயன்றி ஒன்றாகக் கலந்துவிடுவதில்லை. நெசவாளர்களுக்கு இதை எளிதில் சொல்லிவிடலாம். பாவும் ஊடையும் ஒரே சேலையில் எத்துணை நெருக்கமாகப் பிணைந்திருப்பினும், 40-ஆம் நம்பர் நூல் 60-ஆம் நம்பர் நூலாகிவிடுவதில்லையல்லவா? அதுபோன்றே வேர்ச்செடியின் தண்டில் எழும் எந்தக் கிளையும் வேர்ச்செடியின் பூவையே தரும். அது காட்டு இனமாதலால் ஒட்டைவிட வேகமாக வளரும். வேரிலிருந்து ஏறும் சாறும் முதலில் அதற்கே கிட்டும். பார்த்துக் களையாவிடில் இரண்டு மூன்று ஆண்டுகளில் ஒட்டு பட்டுப்போவது உறுதி. விற்றவர் ஏமாற்றவில்லை, ஆனால் அடித்தளிரைக் களைய வேண்டுமென்று ஒரு துண்டுச் சீட்டிலாவது எழுதிக் கொடுத்திருக்கலாம் என்ற குறை எனக்கு இன்றும் உண்டு.

இனி, அந்த வெள்ளைப் பூவைப் பற்றி. கோத்தகிரித் தோட்டத்தில் இருந்தது ரோசா மல்டிபுளோரா என்னும் இனம். 'பல பூக்களையுடையது' என்பது அப்பெயரின் பொருள். ஜப்பான், கொரியா, சீனம் ஆகியவை இதன் தாயகம். ஸ்வீடன் நாட்டுத் தாவரவியலார் தன்பெர்க் 1784இல் வெளியிட்ட ஜப்பானியத் தாவர நூலில் இதற்கு இப்பெயரிட்டார். கிளைகள் பத்துப் பன்னிரண்டு அடி வரை எழுந்து, வில்லாக வளைந்து கீழே தொங்கும். ஒவ்வோர் இலையிலும் பெரும்பாலும் ஏழு அல்லது ஒன்பது சிற்றிலைகள் இருக்கும். சிற்றிலைகளின் எண்ணிக்கையைக் கொண்டே காட்டுக் கிளையைக் கண்டுபிடிக்கலாம் என்று பலர் சொல்வர். அதை முழுதும் நம்ப வேண்டாம். நல்ல ஒட்டு ரோஜாக்களிலும் ஏழு சிற்றிலைகள் வருவதுண்டு. இலைக்காம்பு தண்டோடு சேருமிடத்தில் இருபுறமும் உள்ள இலையடிச் செதிலைப் பாருங்கள். மல்டிபுளோராவில் அச்செதிலின் விளிம்பு சீப்பின் பற்களைப்போலக் கிழிந்திருக்கும். இது நம்பத்தக்க அடையாளம். இதனினும் நம்பத்தக்கது, கிளை புடைப்புக்கு மேலிருந்து வருகிறதா, கீழிருந்து வருகிறதா என்று மண்ணை விலக்கிப் பார்ப்பதே.

கோவை, ஈரோடு, திருப்பூர்ச் சமவெளியில் உள்ளோர் மற்றொன்றைக் கவனிக்க வேண்டும். குளிர்ந்த நாட்டில் பிறந்த மல்டிபுளோரா நம் வெப்பத்தில் மலையில் பூப்பதுபோல் பூப்பதில்லை. ஆகவே வெள்ளைப் பூவென்னும் எச்சரிக்கை கூடக் கிடைக்காமல், "செடி ஆளுயரம் வளர்ந்திருக்கிறது, பூ மட்டும் இல்லை" என்ற நிலை ஏற்படலாம். சமவெளி நாற்றுகளில் எட்வர்ட் ரோஜாவை வேர்ச்செடியாகக் கொள்வதும் வழக்கம். அவ்வாறாயின் அடித்தளிரில் மலர்வது வெள்ளையன்று. மாலைக்கு உதவும் அந்த இளஞ்சிவப்பு மணப்பூவே மலரும். அதைக் கண்டு எவரும் புகார் எழுதுவதில்லை, பறித்து விற்றுவிடுகிறார்கள்.

நம் சமவெளி மண்ணைப் பற்றியும் ஒரு சொல். மல்டிபுளோரா வேர் சற்றுப் புளிப்புத் தன்மையுள்ள மலை மண்ணை விரும்புவது. சுண்ணாம்புக் கற்கள் கலந்த நம் சுக்கான் நிலத்திலும், உப்பேறிய ஆழ்துளைக் கிணற்று நீரிலும் அதற்கு இரும்புச் சத்தை எடுத்துக்கொள்ள இயலாது. நரம்பு பச்சையாகவும் இடைப்பகுதி மஞ்சளாகவும் இளந்தளிர்கள் வெளுக்குமாயின் அதுவே காரணம். ஒரு லிட்டர் நீரில் 5 கிராம் அன்னபேதியைக் கரைத்து இலைகளின்மேல் தெளித்தால் ஓரளவு பச்சை திரும்பும். சிறுவாணி நீர் பாயும் கோவை வீட்டுத் தோட்டங்களில் ரோஜா செழித்திருக்க, சில கல் தொலைவிலேயே கிணற்று நீர் பாயும் தோட்டங்களில் அது வெளுத்து நிற்பதைக் கண்டிருக்கிறேன். நீர் கடினமான ஊரில் மல்டிபுளோரா வேரில் ஒட்டிய செடியைத் தவிர்த்து, எட்வர்ட் வேரில் ஒட்டியதைக் கேட்டு வாங்குவது மேல்.

காட்டு ரோஜா என்றதும் வெளிநாட்டுச் செடியொன்றை மட்டும் விவரித்து நிறுத்துவது முறையாகாது. நம் மலையிலேயே, வேறெங்கும் இயற்கையாக விளையாத வெள்ளை ரோஜா ஒன்று உள்ளது. நீலகிரி, ஆனைமலை, பழனி மலை ஆகிய தென்மேற்குத் தொடர்ச்சி மலைகளின் உயர்ந்த பகுதிகளில், சோலைக் காடுகளின் விளிம்பில், மரங்களின்மேல் பற்றி ஏறிப் படரும் பெருங்கொடி அது. தாவரவியலில் அதன் பெயர் ரோசா லெஷனோல்டியானா. பூ மல்டிபுளோராவினும் நன்கு பெரியது, தூய வெண்மை, ஐந்து இதழ், மணமுடையது. முட்கள் கீழ்நோக்கி வளைந்திருப்பதால், அவற்றையே கொக்கியாகக் கொண்டு மரமேறுகிறது. பூவின் நடுவே சூல்தண்டுகள் யாவும் ஒன்றாக இணைந்து ஒரே தூண்போல் நிற்பதைக் காணலாம். மல்டிபுளோராவிலும் அவ்வாறே இருக்கும். ஆகவே ஜப்பானியச் செடியும் நம் சோலைச் செடியும் ஒரே குலத்தைச் சேர்ந்த உறவினர் என்பது தாவரவியலார் கூற்று.

இச்செடியின் பெயர் 1816இல் புதுச்சேரிக்கு வந்து, தென்னாட்டிலும் இலங்கையிலும் செடிகளைத் திரட்டி, 1822இல் தாயகம் திரும்பிய லெஷனோல் என்னும் பிரெஞ்சுத் தாவரவியலாரை நினைவூட்டுவது. இதைத் தனி இனமாக நிலைநிறுத்தி 1834இல் நூலில் வெளியிட்டவர்கள் ராபர்ட் வைட், வாக்கர் ஆர்னட் என்னும் இருவர். இவர்களுள் வைட் நம் வாசகர்கள் அறிந்திருக்க வேண்டியவர். கிழக்கிந்தியக் கம்பெனியின் மருத்துவராக வந்த அவர், 1842 முதல் 1853 வரை கோயம்புத்தூரில் அமெரிக்கப் பருத்திச் சோதனைப் பண்ணைகளுக்குத் தலைவராக இருந்தார். மான்செஸ்டர் ஆலைகளுக்கேற்ற நீண்ட இழைப் பருத்தியை நம் மண்ணில் விளைவிப்பதே கம்பெனியின் நோக்கம். அம்முயற்சி எதிர்பார்த்த பயனை அளிக்கவில்லை; கொங்கு நாட்டில் நீண்ட இழைப் பருத்தி நிலைபெற்றது, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கம்போடியாப் பருத்தி வந்த பின்னரே. ஆனால் பருத்திக்காக இங்கே தங்கியிருந்த அம்மனிதர், மலையும் காடும் சுற்றிச் செடிகளைத் திரட்டி, ரங்கய்யா, கோவிந்து என்னும் இரு இந்திய ஓவியர்களைக் கொண்டு படம் வரைவித்து வெளியிட்ட நூல்கள் இன்றும் ஆராய்ச்சியாளர்க்கு ஆதாரமாக உள்ளன. பருத்திக் கணக்கில் நட்டம். தாவரக் கணக்கில் ஆதாயம் என்று ஒரு தணிக்கையாளன் எழுதிவிடலாம்.

நீலகிரி 1868 வரை கோயம்புத்தூர் ஜில்லாவின் ஒரு பகுதியாகவே இருந்ததென்பதையும் இங்கே நினைவுகூரலாம். அவ்வகையில் இது நம் ஜில்லா ரோஜா என்று சொல்லிக்கொள்ள நமக்கு ஓரளவு உரிமை உண்டு.

உதகமண்டலத்தில் 1995இல் அமைக்கப்பெற்ற ரோஜாப் பூங்காவைக் கண்டு மகிழாதவர் குறைவு. ஆயிரக்கணக்கான வகைகள் அடுக்கடுக்காக நிற்கும் அப்பூங்காவிலிருந்து சில கல் தொலைவில், வேலியோ பெயர்ப்பலகையோ இன்றிச் சோலையோரம் பூத்து நிற்கும் இச்செடியைத் திரும்பிப் பார்ப்பவர்தாம் அரிது. பார்ப்பவர்களிலும் சிலர், வேரோடு பெயர்த்துத் தம் தோட்டத்திற்குக் கொண்டுபோக முயல்கின்றனர். அது கூடாது. ஒதுக்கக் காட்டிலிருந்து செடி எடுப்பது சட்டப்படி குற்றம் என்பது ஒரு காரணம். பெயர்த்தெடுத்த முதிர்ந்த கொடி பிழைப்பது அரிது என்பது மற்றொன்று. மேலும், தேயிலைக்கும் தைலமரத்திற்கும் வாட்டில் மரத்திற்கும் இடம் கொடுத்துச் சோலைகள் துண்டு துண்டாகிவிட்ட மலையில், விளிம்பில் மட்டும் வாழும் செடிக்கு எஞ்சியிருப்பது சிறிது இடமே. தம் சொந்த நிலத்தின் ஓரத்தில் இக்கொடி முன்னரே இருக்கப்பெற்ற மலை விவசாயிகள் அதை வெட்டாது விடுவதும், அதன் கிளையை மண்ணில் தாழ்த்திப் பதியன் போட்டு அண்டையாருக்குக் கொடுப்பதும் தக்க வழி. பந்தல் வலிமையானதாக இருக்க வேண்டும். இல்லையேல் ஒரு மரத்தையே அதற்கு விட்டுவிட வேண்டும். நாலடித் தொட்டியில் அடங்கும் செடியன்று இது. கோவைச் சமவெளிக்குக் கொண்டுவந்து வளர்க்க முயல்வதும் வீண்.

"அப்படியாயின் வெயிற்காட்டில் வளரக்கூடிய வெள்ளைக் காட்டு ரோஜா இந்தியாவிலேயே இல்லையா?" என்று கேட்பீர்கள். உண்டு. வங்காளச் சமவெளியில் ஆற்றங்கரையிலும் சதுப்பிலும் வளர்வது ரோசா கிளைனோபில்லா. அதுவும் வெண்மையான ஐந்திதழ்ப் பூவே. வெப்பத்தையும் தேங்கிய நீரையும் ஒருங்கே தாங்கும் ரோஜா உலகில் மிக அரிது. இந்திய ஆட்சிப் பணியிலிருந்து ஓய்வு பெற்றுக் கொடைக்கானலில் குடியேறிய திரு. எம்.எஸ். வீரராகவன் அவர்கள், நம் வெப்ப நாட்டிற்கேற்ற ரோஜாக்களை உருவாக்க இதனையே பெற்றோராகக் கொண்டு பல கலப்பினங்களைத் தோற்றுவித்தார். சாதாரண நாற்றுப்பண்ணைகளில் இச்செடி இன்னும் எளிதில் கிடைப்பதில்லையாதலால், இதைப் பற்றி இங்கே அதிகம் எழுதுவதில் பயனில்லை.

ஆகவே நம் அங்கத்தினர்களின் கைக்கெட்டுவது மல்டிபுளோராவே. அதைப் பூச்செடியாகவே வளர்க்க விரும்பும் மலைப்பகுதியினர்க்குச் சில குறிப்புகள்.

முதற்குறிப்பு கத்தரிப்பைப் பற்றியது. பெரும்பாலோர் பிழை செய்வதும் இங்கேதான். ஒட்டு ரோஜாக்கள் புதிதாக எழும் கிளையில் பூப்பவை. ஆதலால் அவற்றைக் கடுமையாக வெட்டுகிறோம். மல்டிபுளோராவோ சென்ற ஆண்டு வளர்ந்த கிளைகளின் பக்கத் தளிர்களில், ஆண்டுக்கு ஒரே முறை பூப்பது. மற்ற ரோஜாக்களோடு சேர்த்து இதையும் பூக்கும் பருவத்திற்கு முன் வெட்டினால் அவ்வாண்டுப் பூ முழுதும் போய்விடும். பூத்து ஓய்ந்த பின்னரே முதிர்ந்த கிளைகளை அடியோடு நீக்கி, இளங்கிளைகளை அப்படியே விட வேண்டும். "வருஷம் முழுக்கப் பூக்காத செடி எதுக்குங்க?" என்று கேட்பவர்க்கு என்னிடம் விடையில்லை. அவர் இதை வளர்க்க வேண்டியதில்லை.

பென்சில் பருமனுள்ள, முற்றிய, ஒரு சாண் நீளக் குச்சிகளை மழைக்காலத் தொடக்கத்தில் மூன்றில் இரண்டு பங்கு மண்ணுக்குள் இருக்குமாறு நட்டால் எளிதில் வேர் பிடிக்கும். நல்ல வெயிலும் நீர் தேங்காத நிலமும் போதும். விதை மூலம் வளர்க்க விரும்புவோர், விதைகளை ஈர மணலில் கலந்து இரண்டு மூன்று மாதம் குளிர்ப்பெட்டியில் வைத்திருந்து விதைக்க வேண்டும். குளிரைக் கடந்தாலன்றி அவ்விதை உறக்கம் கலையாது.

முள்ளுள்ள செடியாதலால் உயிர்வேலியாக நடலாமா என்று சங்கக் கூட்டங்களில் கேட்கிறார்கள். இதில் நான் எச்சரிக்கையே கூறுவேன். அமெரிக்க ஐக்கிய நாட்டில் 1866இல் வேர்ச்செடியாக நுழைந்த மல்டிபுளோராவை, 1930-களில் அந்நாட்டு மண் பாதுகாப்புத் துறையே மண் அரிப்பைத் தடுக்கவும் கால்நடைகளுக்கு உயிர்வேலியாகவும் நடுமாறு விவசாயிகளைத் தூண்டியது. சில மாநிலங்களில் நெடுஞ்சாலைகளின் நடுத்திட்டில், ஓடிவரும் மோட்டார்களைத் தாங்கும் மெத்தையாகவும் நட்டனர். சிவந்த சிறு காய்களைப் பறவைகள் தின்று விதையை எங்கும் பரப்பின. ஒரு செடி ஆண்டொன்றுக்குப் பத்து இலட்சம் விதை வரை தரக்கூடும்; விதை மண்ணில் இருபது ஆண்டு வரை உயிரோடிருக்கும். மேய்ச்சல் நிலங்கள் முட்புதராயின. அரசாங்கமே பரிந்துரைத்த அச்செடியைப் பின்னர்ப் பல மாநிலங்கள் தீய களையென்று சட்டத்தில் அறிவித்தன. அழகுக்காகக் கொண்டுவந்த உண்ணிச்செடி நம் மலையடிவாரக் காடுகளை என்ன செய்திருக்கிறதென்று சிறுமுகை, பவானிசாகர்ப் பக்கத்தவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மல்டிபுளோரா நீலகிரியில் அந்நிலையை அடைந்திருக்கிறதென்று நான் கூறவில்லை. ஆனால் காட்டையொட்டிய நிலத்தில் வரிசையாக வேலி நடுவது வேண்டாம். வீட்டு முற்றத்தில் ஓரிரு செடி வைப்பவரும், பூத்த பின் கொத்துகளைக் கத்தரித்துக் காய் முற்றாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஒட்டு ரோஜா நட்டிருப்பவர்கள் செய்ய வேண்டியது கொஞ்சமே. ஆனால் தவறாது செய்ய வேண்டும். நடும்போது ஒட்டுப் புடைப்பு மண்ணுக்கு மேல் இரண்டு விரற்கடை உயரத்தில் இருக்கட்டும். புதைந்துவிட்டால் அடித்தளிர் எங்கிருந்து எழுகிறதென்பது தெரியாது. மாதம் ஒரு முறை அடியைப் பாருங்கள். அடித்தளிரைக் கண்டால் கத்தியால் வெட்டாதீர்கள். வெட்டிய இடத்தில் எஞ்சிய கண்களிலிருந்து ஒன்றுக்கு மூன்றாக எழும். மண்ணை விலக்கி, தளிர் பிறக்கும் இடத்திலேயே பிடித்துக் கீழ்நோக்கி இழுத்து, அடிப்பட்டையோடு கிழித்தெடுக்க வேண்டும். இளந்தளிராயின் கட்டை விரலே போதும்.

இனி அந்த 300 செடிகளின் கதி. பெரியவரோடு அன்று முழுதும் வரிசை வரிசையாகத் தோண்டிக் கணக்கெடுத்தோம். 110 செடிகள் பழுதின்றி இருந்தன. 70 செடிகளில் ஒட்டும் காட்டுக் கிளையும் சேர்ந்து நின்றன. காட்டுக் கிளைகளைக் கிழித்தெறிந்ததும் அவை அடுத்த பருவத்திலேயே தேறின. எஞ்சிய 120-இல் ஒட்டு பட்டுப்போய் வெள்ளை மட்டுமே நின்றது. அவற்றைப் பிடுங்கி எறிய அங்கத்தினர் மண்வெட்டியைத் தூக்கிவிட்டார். பெரியவர்தாம் தடுத்தார். "மூணு வருஷத்து வேருங்க இது. புதுச் செடி வாங்கி நட்டா இந்த வேரு வர இன்னும் மூணு வருஷம் ஆகும். இதுலயே மறுபடி மொட்டுக் கட்டிப்போடலாம்" என்றார்.

செய்த முறை இது. ஒவ்வொரு செடியிலும் வேரையொட்டிய திடமான ஒரு காட்டுக் கிளையை மட்டும் விட்டு மற்றவற்றை நீக்கினோம். மழைக்குப் பின் சாறு நன்கு ஓடி, பட்டை எளிதில் உரியும் நாட்களில், அக்கிளையின் அடியில் ஓர் அங்குல நீளக் கீறலிட்டு, நல்ல நிலையிலிருந்த 110 செடிகளிலிருந்தே மொட்டெடுத்துச் செருகிப் பாலிதீன் நாடாவால் சுற்றினார். மொட்டின் கண் மட்டும் வெளியே தெரியும். நான்கு வாரம் கழித்துப் பார்த்தபோது பச்சையாக இருந்தவை பிடித்துக்கொண்டவை, கறுத்தவை போனவை. பிடித்தவற்றில் கண் விழித்ததும், அதற்கு மேலுள்ள காட்டுக் கிளையை வெட்டிவிட்டார். 100 செடிகளில் கட்டியதில் 64 பிடித்தன. செலவு அவருடைய கூலியும் நாடாவின் விலையும் மட்டுமே.

சங்கத்தின் நிர்வாகக் குழு அவ்வங்கத்தினருக்கு ஓராண்டுத் தவணை நீட்டிப்பு அளித்தது. நாற்றுப்பண்ணைக்கு நான் எழுதிய முதற்கடிதத்தைத் திரும்பப் பெற்றுக்கொள்வதாக இரண்டாவது கடிதமும் எழுதினேன்; அதற்கு மறுமொழி வரவில்லை.

மொட்டுக் கட்டாமல் விட்ட 20 செடிகள் வீட்டு முற்றத்தோரம் பெயர்த்து நடப்பட்டுக் குச்சிக்காக வைக்கப்பட்டுள்ளன. சென்ற ஆண்டு நான் அவ்வழியே சென்றபோது அவை பூத்திருந்தன; தேனீக்களின் இரைச்சல் பாதைவரை கேட்டது. அங்கத்தினர் வீட்டம்மா, காய் பிடிக்குமுன் கொத்துகளை வெட்டுவதற்காகக் கத்தரியோடு நின்றிருந்தார். "இன்னும் ரெண்டு நாள் இருக்கட்டுமுங்க, பார்க்க நல்லாத்தானே இருக்குது" என்றார். இருக்கட்டும் என்றே நானும் சொல்லி வந்தேன்.